புலியும் முதலையும்: பாரியின் சிற்பமொன்றை முன்வைத்துச் சில திறனாய்வுக் குறிப்புகள்

1

புலியும் முதலையும் பொருதினால் வெல்வது எது என்ற வினாவைச் சிறுவர்க்குரியது எனக் கருதி ஒதுக்குவதே அறிஞர் வழக்கம். ஆய்விதழொன்றிலே அதனை எடுத்து ஆராய்வது சிலருக்கு வியப்பளிக்கவுங் கூடும். ஆயினும் ஒரு சமூகம் விளையாட்டாகக் கேட்டுக்கொள்ளும் வினாக்களிலே அச்சமூகத்தின் அடிப்படையான கருத்துநிலைகள் மறைப்பேதுமின்றி வெளிப்படுவதுண்டு. பெரும் இலக்கியங்களிலே பல்வேறு அழகியற் போர்வைகளுக்குள் ஒளிந்து நிற்பன இத்தகைய எளிய வினாக்களிலே தம் இயல்பான உருவில் வந்து நிற்கின்றன.

மேற்கூறிய வினாவின் அமைப்பினை முதலில் நோக்குவோம். அது மூன்று எடுகோள்களை உள்ளடக்கியுள்ளது. முதலாவது, விலங்கின் வலிமை எவ்விடத்தும் எக்காலத்தும் மாறாததோர் அளவு என்பது. இரண்டாவது, இரு உயிர்களுக்கிடையேயான முதன்மையான உறவு மோதலே என்பது. மூன்றாவது, மோதலுக்கு வெளியே, ஆபத்து அணுகாத இடத்திலே, முடிவை அறியக் காத்திருக்கும் பார்வையாளன் ஒருவன் இருக்கிறான் என்பது. இவற்றுள் மூன்றாவது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. எனினும் வினாவைத் தோற்றுவிப்பவன் அப்பார்வையாளனே.

இப்பார்வையாளன் வரலாற்றிலே வெறுங் கற்பனையாக மட்டும் இருந்தவனல்லன். உரோமப் பேரரசு அவனுக்கென அரங்குகளையே அமைத்துக் கொடுத்தது. கி. மு. 58 இல் ஸ்கோரஸ் என்பான் உரோமிலே ஐந்து முதலைகளைக் காட்சிக்கு வைத்தான். கி. மு. 2 இல் அகஸ்தஸ் நடத்திய விழாவிலே 36 முதலைகள் கொல்லப்பட்டன. அதன்பொருட்டு பிளமீனியஸ் வட்டரங்கினுள் நீர் கொண்டுவரப்பட்டது. நைல் நதியின் விலங்கினை உரோமிலே காணவேண்டுமாயின் உரோமின் செல்வாக்கு எகிப்துவரை நீண்டிருத்தல் வேண்டும். பிடிப்போர், கப்பலேற்றுவோர், நீர் நிரப்புவோர் ஆகியோரின் உழைப்பும் வேண்டும். அரங்கிலே தெரிந்தது விலங்கின் வலிமை. அதனை அங்கே கொண்டுவந்து சேர்த்த வலிமை காட்சிக்கு வைக்கப்படவில்லை.

இக்கட்டுரை இவ்வினாவின் நவீன வடிவமொன்றை, பிரெஞ்சுச் சிற்பி அந்துவான் லூயி பாரி ஆக்கிய ‘கங்கைக் கரியாலைத் தின்னும் புலி’ என்னும் சிற்பத்தின் வாயிலாக ஆராய முனைகின்றது.

2

பாரி (1795 - 1875) பரிஸ் நகரப் பொற்கொல்லர் ஒருவரின் மகன். இளவயதிலேயே உலோகச் செதுக்கு வேலையிற் பயிற்சி பெற்றவர். பின்னர் பொசியோ என்ற சிற்பியிடமும் குரோ என்ற ஓவியரிடமும் பயின்று, நுண்கலைக் கல்லூரியிலே சேர்ந்தார். அக்கல்லூரியின் உயர் பரிசான உரோமைப் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. 1820 களில் போகொனியே என்ற பொன்வினைப் பட்டறை முதலாளியிடம் கூலிக்கு வேலை செய்தவாறே, பரிஸ் தாவரவியற் பூங்காவின் விலங்ககத்திலும் அதனோடிணைந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் விலங்குகளை வரைந்தும் அளந்தும் தம் கலையை வளர்த்தார். ஓவியர் டெலக்குறோவா இம்முயற்சியில் அவருடைய தோழராயிருந்தார். விலங்ககத்திலே சிங்கமொன்று இறந்தபோது இருவரும் அதன் உடலை ஆராய்ந்தமை பலரும் அறிந்த செய்தி.

1831 ஆம் ஆண்டுச் சலோன் கண்காட்சியிலே பாரி இப்புலிச் சிற்பத்தைச் சாந்துருவில் வைத்தார். அதற்கு இரண்டாந்தரப் பதக்கம் கிடைத்தது. பின்னர் அது வெண்கலத்தில் வார்க்கப்பட்டது. புலி தன் உடற் பாரம் முழுவதையும் கீழே அழுத்திப் பற்களைப் பதித்திருக்க, அதன் அடியிலே கரியால் உடலை முறுக்கி வாய் பிளந்து துடிக்கின்றது. புலியின் தோளிலும் முதுகிலும் தசைகள் திரண்டெழுந்து தோன்றுகின்றன. முதலையின் செதில் ஒவ்வொன்றும் உலோகச் செதுக்காளனின் பொறுமையோடு வடிக்கப்பட்டுள்ளது. அக்காலக் கல்லூரிசார் அழகியல் மனித உருவையும், அதிலும் புராண, வரலாற்று வீரரின் உருவையுமே சிற்பத்தின் உயர்பொருளாகக் கொண்டது. விலங்குருவம் தாழ்ந்த வகையாகவே எண்ணப்பட்டது. அவ்வகையில் ஒரு கைவினைஞன் உயர்கலையின் வாயிலை விலங்குகளின் துணையோடு தட்டினான் எனலாம். பிற்காலத்தில் கோத்தியே என்னும் விமர்சகர் பாரியை விலங்ககத்தின் மைக்கலாஞ்சலோ எனப் புகழ்ந்தார். புகழ்ச்சிக்குள்ளும் ஏளனத்தின் சாயல் இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

3

இச்சிற்பத்தை விளக்குவோர் பொதுவாக இரு வழிகளிலே செல்வர். ஒரு சாரார் இதனைத் தூய உருவத்தின் வெற்றியாகக் காண்பர். அவர்களுக்கு இங்கே வளைகோடுகளும் இறுக்கமும் அசைவுமே உண்டு. 1831 ஆம் ஆண்டு என்பது பெயர்ப்பலகையிலுள்ள ஓர் எண் மாத்திரமே. மறுசாரார், நமது முகாமைச் சேர்ந்தோராகவும் இருத்தல் கூடும், புலியை ஒரு வர்க்கத்துக்கும் முதலையை இன்னொரு வர்க்கத்துக்கும் சமன்படுத்திக் கணக்கை முடித்துவிடுவர். புலி எழுச்சியுற்ற மக்கள் என்பர். அன்றேல் வென்றுவிட்ட முதலாளி வர்க்கம் என்பர். இரண்டுக்கும் சிற்பத்திலே சான்றில்லை. குறியீட்டுப் பட்டியல் தயாரிப்பதை மார்க்சியத் திறனாய்வு எனக் கொள்வது அத்திறனாய்வுக்கே இழைக்கும் அநீதியாகும்.

எனினும் ஆண்டு முக்கியமானது. 1830 யூலை மாதத்தின் மூன்று நாட்களிலே பரிஸ் மக்கள் தெருத்தடைகளை எழுப்பி அரசனொருவனைத் துரத்தினர். ஆட்சியோ லூயி பிலிப்பின் தலைமையில் வங்கியாளரிடம் சென்றது. அதே 1831 சலோனிலேதான் டெலக்குறோவா ‘மக்களை வழிநடத்தும் சுதந்திரம்’ என்னும் ஓவியத்தை வைத்தார். அரசு அதனை வாங்கியது. வாங்கிச் சிறிது காலத்திலேயே பொதுமக்கள் பார்வையிலிருந்து அகற்றியது. அவ்வாண்டு நவம்பரில் லியோன் நகரப் பட்டு நெசவாளர் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்தனர், படை அனுப்பப்பட்டது. பாரி அடுத்துச் செய்த ‘பாம்பை நசுக்கும் சிங்கம்’ 1833 சலோனில் இடம்பெற்றது. அதனையும் அரசு வாங்கி வெண்கலத்தில் வார்ப்பித்துத் துயிலரிப் பூந்தோட்டத்தில் நிறுத்தியது. அச்சிங்கம் யூலை முடியாட்சியின் வெற்றிச் சின்னமாகவே கொள்ளப்பட்டது.

தெருத்தடையிலே துப்பாக்கியேந்திய தொழிலாளி கண்ணிலிருந்து மறைக்கப்பட, இரையை நசுக்கும் விலங்கு அரச தோட்டத்தில் இடம் பெற்றது. இங்கே எந்த விலங்கு எவ்வர்க்கம் என்ற சமன்பாடு தேவையில்லை. ஒன்றிலே மோதல் மனிதருக்கிடையே, காரணங்களோடு, ஒரு நகரத்தின் தெருவிலே நிகழ்கின்றது. மற்றதிலே மோதலுக்குக் காரணமில்லை, அது இயற்கை. காரணமற்ற வெற்றியை ஆள்வோர் விரும்புவது இயல்பே. 1840 களில் பாரியின் விலங்குகள் சிறு வெண்கல உருவங்களாக வார்க்கப்பட்டு விற்பனையாயின. வசதிபடைத்தோரின் வரவேற்பறைகளிலே, தீமூட்டும் அடுப்பின் மேல்மாடத்திலே, அவை அமர்ந்தன. உரோம அரங்கின் பார்வையாளன் இப்போது சாய்நாற்காலியில் இருந்தான். சிற்பியோ 1848 இல் கடனில் மூழ்கித் தன் வார்ப்புருக்களையும் கடன்கொடுத்தவரிடம் இழந்தார். எது எதனைத் தின்னும் என்ற வினாவுக்குச் சந்தை தந்த விடை இது.

4

இனி, சிற்பத்திலே இல்லாதது யாது என்பதை நோக்குவோம். அங்கே நீர் இல்லை.

கரியால் ஆற்றைவிட்டு நீங்கி வாழமாட்டாத முதலை. மிக ஒடுங்கி நீண்ட அதன் தாடை மீன் பிடிப்பதற்கென அமைந்தது. முட்டையிடவும் வெயிற் காயவுமே அது மணற்றிட்டில் ஏறும். வளர்ந்தபின் உடலை நிலத்திலிருந்து உயர்த்தி நடக்கவும் வல்லதன்று. வளர்ந்த ஆணின் மூக்கு நுனியிலே பானை போன்றதொரு புடைப்பு உண்டு. பானையைக் குறிக்கும் வடஇந்தியச் சொல்லிலிருந்தே கரியால் என்ற பெயர் பிறந்தது. ஐரோப்பியர் அதனைப் பிழைபடக் கேட்டோ வாசித்தோ கவியால் எனத் தம் நூல்களில் ஏற்றினர். பெயரிலேயே பிழைபட்டுப் பரிசை அடைந்த விலங்கு இது. இதனைத் தன் வாழிடத்திலிருந்து பெயர்த்து, உலர்ந்த பீடமொன்றின் மேல் வைத்து, அதன்மேல் புலியை ஏற்றிவிட்டால் முடிவு முன்னரே எழுதப்பட்டதாகிவிடும். இச்சிற்பத்தைப் போராட்டம் எனப் பலர் விவரிக்கின்றனர். ஆனால் அதன் தலைப்போ பொருதும் புலி என்பதன்று, தின்னும் புலி என்பது.

இவ்விடத்திலே நமது மரபிலுள்ள ஒரு சிந்தனையை நினைவுகூர்தல் பொருத்தமானது. திருக்குறளின் இடனறிதல் அதிகாரத்தில் 495 ஆம் குறள், ஆழமான நீரினுள் முதலை பிறவற்றை வெல்லும் என்றும், அந்நீரைவிட்டு அது நீங்கினால் பிற விலங்குகள் அதனைக் கொன்றுவிடும் என்றும் கூறுகின்றது. இங்கு எழுப்பப்பட்ட வினாவுக்கு அது நேரான விடை. அதிலும் மேலாக, வினாவையே திருத்தியமைக்கும் விடை. வலிமை முதலையினுள் உறையும் ஒரு பொருளன்று. முதலைக்கும் நீருக்குமுள்ள உறவே அதன் வலிமை. அடுத்த குறள் கடலிலே தேர் ஓடாது, நிலத்திலே கலம் ஓடாது என்று அதே நியாயத்தை மனிதர் செய்த கருவிகளுக்கும் விரித்துரைக்கின்றது. பண்பை உறவிலிருந்து பிரித்து நோக்காத இச்சிந்தனையிலே இயக்கவியலின் ஒரு கூறு உண்டு என்பதை மறுத்தல் இயலாது.

ஆயின் பழமையைப் போற்றுவோர் செய்வதுபோல, மேற்குலகு பின்னர் கண்டதை நாம் முன்னரே கண்டுவிட்டோம் என்று இதனைக் கொண்டு முழங்குதல் தவறு. இடனறிதல் பொருட்பாலின் அரசியலைச் சார்ந்தது. பகைவன்மேற் செல்லும் வேந்தனுக்கு, களத்தைத் தேர்ந்து கொல்லும் முறையைக் கற்பிப்பது. இடம் வலிமையை ஆக்குகின்றது என்பதைக் கண்ட சிந்தனை, இடம் யாருக்கு உரியது, எவ்வாறு உரியதாயிற்று என்று வினவவில்லை. அது அக்காலத்தின் எல்லை. அவ்வெல்லையை மறைத்தால் நாம் குறளையும் ஒரு பீடத்தின் மேலே, அதன் நீரின்றி வைத்தவராவோம்.

5

பாரியின் சிற்பத்தை முற்றாக நிராகரித்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. 1888 இல் மார்கரெற் ஹாக்னஸ் என்னும் எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்திலே ஏங்கெல்ஸ், பல்சாக்கின் யதார்த்தம் அவருடைய சொந்த அரசியற் சார்புகளையும் மீறி நின்றது என எடுத்துக்காட்டினார். கண்டதைக் கண்டவாறே தருதல் என்னும் கலைநேர்மை, கலைஞன் எண்ணாதவற்றையுஞ் சொல்லிவிடும். பாரி கரியாலின் தாடையை மிகைப்படுத்தவில்லை. அதனைப் பயங்கர மிருகமாக்கியிருந்தால் புலியின் வெற்றி பெருமிதமுடையதாகத் தோன்றியிருக்கும். அவர் அளந்து வடித்த அந்த மெலிந்த தாடை, இது மீன் தின்னும் விலங்கு, இங்கே நடப்பது சமர் அன்று கொலை என்பதைக் கூர்ந்து நோக்குவோனுக்கு உணர்த்துகின்றது. தொழில் தெரிந்த கையின் நேர்மை, அக்கையை விலைக்கு வாங்கியோரின் விருப்பத்துக்கு எதிராக நின்று சாட்சி பகர்கின்றது.

இயற்கையிலே புலிகள் முதலைகளைக் கொல்வதே இல்லையா என ஒருவர் வினவலாம். கொல்வதுண்டு. இராஜஸ்தானின் ரந்தம்போர்க் காட்டிலே மச்சிலி எனப் பெயர்பெற்ற பெண்புலி முதலையொன்றைக் கொன்றமை படமாக்கப்பட்டுள்ளது. தென்னமெரிக்காவின் பந்தனால் சதுப்புநிலத்திலே யாகுவார்கள் கெய்மன் முதலைகளை இரையாகக் கொள்கின்றன. ஆபிரிக்க ஆறுகளைக் கடக்கும் சிங்கங்களுக்கு நைல் முதலைகளால் ஆபத்து உண்டு. ஆனால் இவை ஒவ்வொன்றும் நீரின் ஆழம், உடலின் அளவு, பருவம், பசி, குட்டிகளின் இருப்பு என்னும் பல காரணங்களால் ஆயது. பெரும்பாலான நாட்களிலே இவ்விலங்குகள் ஒன்றையொன்று தவிர்த்தே வாழ்கின்றன. தவிர்த்தலைச் சிற்பமாக வடிக்க யாரும் கேட்பதில்லை.

மோதலே இயற்கையின் சாரம் என்ற எண்ணத்துக்கு டார்வினைச் சான்றாகக் காட்டுவோர் உளர். ‘இனங்களின் தோற்றம்’ வெளிவந்தது 1859 இல். பாரியின் புலியோ 1831 இல் தன் இரைமேற் பாய்ந்துவிட்டது. விஞ்ஞானம் வருமுன்னரே படிமம் இருந்தது. 1862 இல் மார்க்ஸ் ஏங்கெல்சுக்கு எழுதுகையில், போட்டியும் புதிய சந்தைகளுமாக அமைந்த தம் ஆங்கிலச் சமூகத்தையே டார்வின் விலங்குகளிடையே மீண்டுங் காண்கிறார் என்ற கருத்துப்படக் குறிப்பிட்டார். 1875 இல் ஏங்கெல்ஸ் லாவ்ரோவுக்கு எழுதிய கடிதம் இதனை மேலும் தெளிவாக்கிற்று. சமூகத்திலிருந்து போட்டியை எடுத்து இயற்கைமேல் ஏற்றுவர். பின்னர் அதனையே இயற்கையிலிருந்து எடுத்து, மாறாத நியதி எனச் சமூகத்துக்கு விதிப்பர். இந்த இருவழிப் பயணத்திலே வெண்கலப் புலி ஒரு சுமைவண்டி.

6

இப்பயணம் கங்கைக்கு வந்தபோது மேலும் கொடிய வடிவங் கொண்டது. பாரி கங்கையைக் கண்டவரல்லர். இந்திய விலங்குகளின் உடல்கள் குடியேற்ற ஆட்சியின் வழிகளினூடாகவே பரிசை அடைந்தன. விலங்கியலறிஞர் கூவியேயின் மனைவிக்கு முதல்மணத்திற் பிறந்த துவோசெல் 1818 இல் வங்கம் சென்று, பிரெஞ்சுக்காரர் வசமிருந்த சந்திரநாகூரிலிருந்து மாதிரிகளைச் சேகரித்து அனுப்பியமை இதற்கோர் எடுத்துக்காட்டு.

ஆங்கிலேயர் விலங்குகளின் மோதலை நேரடியாகவே தம் ஆட்சிமொழியாக்கினர். 1799 இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் வெளியிடப்பட்ட ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கத்திலே பிரித்தானியச் சிங்கம் புலியை வீழ்த்துகின்றது. 1857 ஓகஸ்டில், இந்தியப் பேரெழுச்சியின் நடுவே, ‘பஞ்ச்’ இதழிலே ரெனியல் வரைந்த கேலிச்சித்திரத்தில் அதே சிங்கம் வங்கப் புலிமேற் பாய்கின்றது. அவ்வாண்டிலேயே மார்க்ஸ் நியூயோர்க் இதழொன்றுக்கு எழுதிய கட்டுரைகளில் நிலவரியும், சித்திரவதையும், கலைக்கப்பட்ட கைத்தொழிலும் எழுச்சியின் பின்னணியாகப் பேசப்பட்டன. ஒரே நிகழ்ச்சி, கேலிச்சித்திரத்திலே அது இரு விலங்குகளின் பிறவிப் பகை, கட்டுரைகளிலே அது சுரண்டலின் விளைவு.

இத்தீவிலே வாழும் நமக்கு இது தொலைவான செய்தியன்று. இன்று இலங்கைக் காடுகளிலே சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. குளங்களிலும் கழிமுகங்களிலும் முதலைகள் உண்டு. காட்டிலே சிறுத்தை உண்டு. ஆனால் ஒரு கொடியிலே வாளேந்திய சிங்கமும், மற்றொரு கொடியிலே சோழர் இலச்சினையின் நினைவோடு புலியும் நின்றன. எது வலியது என்ற வினா மேடைகளிலும் பாடல்களிலும் வகுப்பறைகளிலும் இரு மொழிகளிலும் கேட்கப்பட்டது. 1983 முதல் 2009 வரையான போரிலே மாண்டவர் மனிதர். அவர்களுட் பெரும்பாலோர் வறியோர். காணியும் வேலையும் கல்வியும் மொழியுரிமையும் பற்றிய முரண்பாடுகள் இரு விலங்குகளின் பகையாகப் பெயர்த்து எழுதப்பட்டபோது, அவற்றுக்குக் காரணம் தேடுவதும் தீர்வு தேடுவதும் துரோகமாகத் தோன்றலாயின. விலங்குப் படிமம் செய்யும் வேலை இதுவே.

7

இலக்கியத் திறனாய்வும் இக்குற்றத்துக்குப் புறம்பானதன்று. கம்பனா வள்ளுவனா, கண்ணகியா மாதவியா என்று வழக்காடும் நமது பட்டிமன்றங்கள் படைப்புகளை அவற்றின் நீரிலிருந்து தூக்கி மேடையிலே மோதவிடுகின்றன. தீர்ப்பு வழங்கப்படுகின்றது, கைதட்டல் எழுகின்றது, கண்ணகியின் மதுரையும் மாதவியின் குலமும் அவளுக்கு விதித்த வாழ்க்கையும் அப்படியே கிடக்கின்றன. பெறுமதியை ஒப்பிடல் கூடாது என்பது எனது கருத்தன்று. ஒவ்வொரு படைப்பும் எவ்விடத்தில், எவ்வுறவுகளுக்குள் வலிமை பெற்றது என அறிந்த பின்னரே ஒப்பீடு திறனாய்வாகும். அதற்கு முந்தியது அரங்கக் காட்சி.

புலியும் கரியாலும் இன்று எந்நிலையில் உள்ளன என்பதையும் கூறி முடித்தல் தகும். அழிவை அஞ்சி இந்தியாவிலே புலிகளுக்கென 1973 இலும் முதலைகளுக்கென 1975 இலும் காப்புத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. 2007 இல் கரியால் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் மாரியிலே, அதன் கடைசிப் பெருவாழிடமான சம்பல் ஆற்றில் நூற்றுக்கு மேற்பட்டவை மாண்டன. அணைகள் ஆற்றை மறித்தன, மணல் அள்ளுவோர் முட்டையிடும் திட்டுகளை அகற்றினர், மீன்வலைகள் சிக்கவைத்தன. புலியின் காட்டினைத் துப்பாக்கியும் கோடரியும் சுருக்கின. கரியாலை அழிவுக்குக் கொண்டுவந்தது புலியன்று. இரண்டின் வாழிடத்தையும் விலைப்பொருளாக்கிய உற்பத்தி முறை ஒன்றே இரண்டையும் வீழ்த்திற்று. அதற்குத் தசையுமில்லை, பல்லுமில்லை. ஆகையால் அதனை வெண்கலத்தில் வார்ப்பது கடினம். பாரியின் சிற்பத்தின் முன் நிற்கும் மாணவன், எது வென்றது என்று கேட்குமுன், நீர் எங்கே என்று கேட்கப் பழகுவானாயின், அவன் திறனாய்வைத் தொடங்கிவிட்டான்.